பவளக்காலுக்கு நான் பூசிய நிறம்

தோஸ்த்,

மத்தியானம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு பெண், ஸ்டூலில் உட்கார்ந்ததுமே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, உள்ள எலி எதுனா செத்துக் கெடக்குதா?" என்று கேட்டாள். மழை ஈரம்மா என்று சமாளித்தேன். மூன்று முறை எடுத்தும் அவள் முகத்தில் இருந்த சுளிப்பு போகவில்லை. முன்பு என்றால் அந்தச் சுளிப்பைக் கணினியில் தடவி எடுத்து, கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். இன்று மனசு வரவில்லை. நாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன்.

நாறியது உன் பாய். ஷூ வெட்டிய மிச்சத் துண்டுகளை ஒன்றோடொன்று வைத்து, நீயே தடித்த நூலில் தைத்தாயே, அந்தத் தோல் பாய். காலையில் என்னோடு வண்டியில் திருப்பத்தூர் வரை மழையில் நனைந்து போய், அப்படியே திரும்பி வந்து, ஸ்டூடியோவில் நீலத் திரைக்குக் கீழே சுருண்டு கிடக்கிறது. அது எதற்குத் திருப்பத்தூர் போனது என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். வருகிற கார்த்திகை வந்தால் நீ போய் இரண்டு வருஷம்.

அந்தப் பாயை நீ முதலில் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. ஏரிக்கரையில் உதறி விரித்தாய். நான் சிரித்தேன். "இன்னாடா, ஏரில தூங்க வந்தியா?" என்றேன். "நின்னு எடுத்தா முதுகுதான் வுழும். படுத்து எடுத்தாத்தான் கண்ணும் காலும் வுழும். படு" என்றாய். படுத்தேன். முக்குளிப்பான் ஒன்று என் கண்ணுக்கு நேராக வந்து, என்னைப் பார்த்துவிட்டு, முங்கிப் போனது. அதுவரை நான் எடுத்த பறவைப் படங்களெல்லாம் மொட்டைமாடியிலிருந்து எடுத்தவை போல் ஆகிவிட்டன.

இரண்டு பேரும் பறவை தெரிந்தவர்கள் இல்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்து ஒரே பாடத்தில் தவறியவர்கள். நீ தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷனில் இருந்தாய். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் தோலை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட குழி எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தரம் பிரிக்கிற வேலை. நான் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பல்லைக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கிறவன். கேமராவும் பெரிய லென்சும் என்னுடையவை. எங்கே எது உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் உன்னுடையது. மாறி மாறி எடுப்போம். எடுத்த கார்டை நான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து இறக்குவேன். நீ வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, உன் மனைவி ஸ்டெல்லாவோடு சர்ச்சில் இரண்டாவது ஆராதனைக்குப் போய்விடுவாய்.

ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பினால் ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கும். அப்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். மாசியில் ஓரம் தெரிய ஆரம்பித்ததும் நத்தைகுத்தி நாரைகள் சேற்றைக் கிளறும், அரிவாள்மூக்கன் வரும். பங்குனியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் நம் பவளக்கால் உள்ளான்கள் கூட்டமாக வந்து நிற்கும். குச்சிபோல் நீளமான சிவப்புக் காலில் ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து, கல்யாணத்துக்கு வந்த பெரிய வீட்டுப் பெண்கள் புடவை நனையாமல் நடப்பதுபோல் நடக்கும். உனக்கு அதைத்தான் பிடிக்கும்.

அந்த நாட்களில்தான் லாரியும் வரும். விடியற்காலையில் தோல் கழிவு ஏற்றிய டேங்கர் லாரி ஒன்று ஏரிக்கரைப் பின்பக்கமாக வந்து, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடும். யாருடைய லாரி என்று நமக்குத் தெரியாது. நம்பர் பிளேட்டில் சேறு பூசியிருப்பான். "ஒழுங்கா சுத்தம் பண்ணி வுடுறவனும் இருக்கான்டா. அவன் சோத்துலதான் நான் இருக்கேன். இந்த மாதிரி திருட்டு நாயிங்களாலதான் எல்லாருக்கும் கெட்ட பேரு" என்று நீ துப்புவாய். உனக்குத் தோல்மேல் வெறுப்பே கிடையாது. எனக்கும் கிடையாது. இந்த ஊரில் தோல் இல்லாமல் எவன் வீட்டில் அடுப்பு எரிகிறது?

ஆனால் அந்தத் தண்ணீரை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. ஆறிப்போன பாயசத்தில் ஆடை படியுமே, அப்படி ஒரு பழுப்பு ஆடை. காற்று அடித்தால் அது கரையோரம் சுருங்கி மடிப்பு மடிப்பாக ஒதுங்கும். அதற்குமேல் நுரை. நுரைக்குள் மயிர். அழுகின முட்டை நாற்றம் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டால் இட்லியிலும் அதே நாற்றம். அதில்தான் நீயும் நானும் ஞாயிறுதோறும் வயிற்றை வைத்துப் படுத்தோம். அதில்தான் அந்தப் பறவைகள் நின்றன.

ஒருநாள் நீ லென்சில் கண்ணை வைத்தபடி என் தோளைத் தட்டினாய். "டேய், காலைப் பாருடா" என்றாய். பார்த்தேன். உள்ளானின் கால் முட்டிவரை சிவப்பாக இல்லை. சாம்பல் பூத்து, வெள்ளையாக ஏதோ படிந்து, நடுவில் வெடித்திருந்தது. "சுண்ணாம்புல ஊறப்போட்ட தோலு மாதிரி கீதுடா. தோலு போய்ட்டுக்குது" என்றாய். உன் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. நாளெல்லாம் தோல் பார்க்கிறவன் சொன்னான். எத்தனை படம் எடுத்தாய் அன்று! ஒரே பறவையை, ஒரே காலை, கார்டு நிறையும்வரை எடுத்தாய்.

அன்று மாலை ஸ்டூடியோவில் உட்கார்ந்து நான் செய்ததை இப்போது விவரமாகச் சொல்லிவிடுகிறேன். நுரையை அழித்தேன். பழுப்பை நீலமாக்கினேன். வானத்தின் நிழல் தண்ணீரில் விழுவதுபோல் கொஞ்சம் வெள்ளி பூசினேன். கடைசியாக அந்தக் காலை எடுத்துக்கொண்டு, வெடிப்பை மூடி, கீழிருந்து மேல்வரை பவளச் சிவப்பைப் போட்டேன். மணப்பெண் கன்னத்துப் பருவை அழிப்பது போலத்தான். கை தானாகவே செய்தது. எட்டு வருஷமாக எல்லாப் படத்துக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நாறுகிற தண்ணீரை யார் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

பேஸ்புக்கில் போட்டதும் இதயமும் கைதட்டலுமாகக் கொட்டியது. "நம்ம ஊரா இது!" என்று துபாயிலிருந்து ஒருவன் உருகினான். அடுத்த மாதம் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து, சுவர்க் காலண்டருக்கு அந்தப் படத்தைக் கேட்டான். கொடுத்தேன். மேலே "இயற்கையைக் காப்போம்", கீழே நம் இருவர் பெயரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். நீ அதைக் கையில் வாங்கி, உன் தொழில் வழக்கப்படி, அந்தக் காலின்மேல் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாய். "பழுதான தோலுக்குத்தான்டா பூச்சு ஜாஸ்தி" என்றாய். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அப்போதாவது என் காதைப் பிடித்துத் திருகியிருக்கலாம் நீ.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை, பெண்ணோடு ஏரிக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை நுரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது மேகம் மாதிரி கீது, இதுக்கு நடுவுல ஒண்ணு எடுங்க" என்றான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே அவர்கள் கட்டிப்பிடித்து நின்றார்கள். நான் எடுத்தேன். நாற்றம் படத்தில் வராது என்பதுதான் என் தொழிலின் மூலதனம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு இளிப்பு வந்தது. அந்த இளிப்பை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

அதற்கப்புறம்தான் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கிற கன்னியம்மா அக்காவும் இன்னும் சில பேரும் ஏரியில் கழிவு விடுகிற தொழிற்சாலைகள்மேல் மனு போட்டார்கள். "கெணத்துல மோட்டாரு போட்டா நொரை கட்டுதுபா. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது" என்று அந்த அக்கா உன்னிடம் அழுதது. அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்தது மழைக்காலத்தில். ஏரி நிரம்பித் தளும்பிய நேரம். தண்ணீரில் பெரிதாகக் குறை இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. அறிக்கையை வாசித்த கூட்டத்தில், கோடையில் எப்படி இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நீ எழுந்து, "எங்க கையில எட்டு வருச போட்டோ இருக்குது சார். பங்குனி, சித்திரை எல்லாம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தாய். தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை ஸ்டூடியோவுக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "அசலு படங்களை எடுடா" என்றாய். அசல் ஏது? ஆல்பம் கைக்குப் போனதும் அசலை அழித்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். ஒரு முகூர்த்தத்துக்கு மூவாயிரம் படம் விழும், எங்கே சேர்த்துவைப்பது? அந்தப் பழக்கத்தில் நம் பறவைகளின் அசலையும் மாதாமாதம் துடைத்துப் போட்டிருந்தேன். பூசிய படம் மட்டும்தான் மிச்சம். நீ ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாய். கடைசிவரை போனாய். பிறகு திரும்பி, "எட்டு வருசமும் நீலமாடா?" என்று கேட்டாய்.

நீ திட்டவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

திருப்பத்தூரில் நடந்த விசாரணைக்கு நானும் வந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு ஆள் ஒரு சுருளைப் பிரித்து மேஜைமேல் விரித்தார். நம் காலண்டர். கூடம் முழுக்கத் தெரிந்தது அந்த நீலத் தண்ணீரும் பவளக்காலும்.

"இது நீங்க எடுத்த படந்தானே?" என்று அதிகாரி உன்னைக் கேட்டார்.

"ஆமா சார்."

"பேரு போட்டிருக்கு. பங்குனி மாசத்துப் படம்னு நீங்களே சொல்றீங்க. தண்ணி இவ்ளோ நல்லா இருக்கே?"

"தண்ணி அப்படி இல்ல சார்."

"அப்ப இந்தப் படம் பொய்யா?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஒரு வினாடி இருக்கும். நான் எழுந்து 'பூசியது நான்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஸ்டூடியோவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே, யார் ஆர்டர் கொடுப்பார்கள் என்று என் புத்தி போனது. நீ அதிகாரி பக்கம் திரும்பி, "ஆமா சார், பொய்தான்" என்றாய். கூடத்தில் சிரிப்பு. பொய்ப் படம் எடுக்கிறவர் சொல்லை எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு ஆள் கேட்டார். மனு கிடப்பில் போனது.

வெளியே வந்ததும், "தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்காத, பேஜாரா கீது. வா, டீ சாப்டலாம்" என்றாய். டீ சாப்பிட்டோம். அதற்குப்பிறகு மூன்று மாதம் நீ உயிரோடு இருந்தாய். ஞாயிறுகளில் ஏரிக்கும் போனோம். அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கார்த்திகையில் ஒருநாள் ஷிப்டுக்குக் கிளம்பியவன் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

உன் நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஸ்டெல்லா இந்தப் பாயைக் கொண்டுவந்து கொடுத்தது. "மழை பேஞ்சா வூடே நாறுதுண்ணே. தூக்கிப் போடவும் மனசு வர்ல. நீங்களே வெச்சுக்குங்க" என்றது. ஒரு வருஷம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு மாசியில் எடுத்துக்கொண்டு போனேன். தனியாகப் படுத்து எடுத்தேன். எடுத்ததை எடுத்தபடி வைத்திருக்கிறேன், ஒன்றையும் அழிக்கவில்லை. ஆடை படிந்த தண்ணீர், நுரை, அதில் நிற்கிற உள்ளான், அதன் கால். பேஸ்புக்கில் போட்டேன். "எவ்ளோ அழகான பக்கம், இப்படிக் கெடுத்துட்டீங்களே" என்று ஒருவர் எழுதினார். முன்பு இதயம் போட்டவர்தான்.

கன்னியம்மா அக்கா விடவில்லை. மறுபடி மனு போட்டு, மறுபடி விசாரணை வந்தது. அது இன்றைக்கு. "நீ வர்றியாபா?" என்று அந்த அக்கா போனில் கேட்டது. வர்றேன் என்றேன். வண்டியில் ஏறும்போது, ஏன் என்று தெரியவில்லை, பாயையும் சுருட்டிக் கட்டிக்கொண்டேன். வாணியம்பாடி தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அதே கூடம்தான், அதிகாரி மட்டும் புதியவர். என் புதுப் படங்களைக் கொடுத்தேன். எதிர்த்தரப்பில் அதே ஆள், அதே காலண்டரை விரித்தார். இப்படித்தான் சார், இவங்க ஒரு வருஷம் நீலமா எடுப்பாங்க, ஒரு வருஷம் கருப்பா எடுப்பாங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"பூசுனது நான் சார்" என்றேன். "எடுத்தது என் சிநேகிதன். அவன் எடுத்த படத்துல நொரை இருந்துச்சு. அந்தக் கால் வெடிச்சிருந்துச்சு. நான்தான் அழிச்சேன். அன்னிக்கு அவன் என்னைக் காட்டிக் குடுக்கல. நானும் வாயத் தெறக்கல."

"அசல் படம் இருக்கா?"

"இல்ல சார். அழிச்சிட்டேன்."

"வேற என்ன ஆதாரம் இருக்கு?"

வாசலில் வைத்திருந்த பாயைக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்தேன். தையல் இடுக்கெல்லாம் எட்டு வருஷத்துச் சேறு. மழையில் ஊறி அது உயிர் பெற்றிருந்தது. முதல் வரிசை மொத்தமும் மூக்கைப் பொத்தியது. எதிர்த்தரப்பு ஆள் கைக்குட்டையை எடுத்து, காலண்டரை ஓரமாக நகர்த்திக்கொண்டார். "தோலுன்னா நாறத்தானே சார் செய்யும்" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். பதனிட்டு முடித்த தோல் இப்படி நாறாது என்று கன்னியம்மா அக்காவுக்குக்கூடத் தெரியும். "நாங்க குடிக்கிற கெணறும் இதே நாத்தந்தான்யா" என்றது அந்த அக்கா.

பாயை ஆதாரமாக ஏற்க முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆனால் நான் சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். ஸ்டூடியோ முத்திரையும் குத்தினேன். வரும் பங்குனியில், ஏரி வற்றுகிற நேரம் பார்த்து, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு மறுபடி தண்ணீர் எடுக்கவும், அங்கேயே படம் எடுத்து அப்போதே ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார். படம் எடுக்க யாரை வைப்பது என்று எழுத்தர் கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். "இவரு வேணாம். வேற ஆளைப் பாருங்க" என்றார். வலித்தது. நியாயம்தான்.

ஊருக்கு வந்ததும் ஒன்று நடந்தது, கேள். விஷயம் பரவிவிடும், பிழைப்பு போய்விடும் என்று இரண்டு வருஷமாகப் பயந்தேனே? சாயங்காலமே ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்தார். "நீங்கதானே தண்ணியவே நீலமா மாத்துனவரு? எம் பொண்ணு கொஞ்சம் கருப்பு. பாத்துப் பண்ணிக் குடுங்க" என்றார். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, உங்கள் பெண் எப்படி இருக்கிறாளோ அப்படித்தான் எடுப்பேன் என்றேன். போய்விட்டார். இந்தப் பயலுக்காகவா நான் அன்றைக்கு மின்விசிறியைப் பார்த்தேன்!

ஸ்டெல்லாவைப் பார்த்தும் சொல்லிவிட்டேன். "அவருக்குத் தெரியும்ணே, நீங்க ஒருநாள் சொல்வீங்கன்னு" என்றது. நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். எனக்காக அது சொன்ன பொய். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பாயைக் கழுவப் போவதில்லை. பங்குனியில் அந்த நாளுக்குக் கேமரா இல்லாமல் இதை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு போவேன். படம் எடுக்க வருகிறவர் யாரோ, பேன்ட் அழுக்காகுமே என்று கரைமேலேயே நிற்பார். மூக்கைப் பொத்துவார். நான் அவர் முன்னால் பாயை உதறி விரிப்பேன். "நின்னு எடுத்தா முதுகுதான் சார் வுழும்" என்பேன். "படுங்க. காலைப் பாருங்க."